தனியாகக் கடல் தாண்டி பிள்ளைகளுக்குப் பணம் திரட்ட முடியுமா? கேள்விகளும் பதில்களும்

தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் பெருங்கடல் தாண்டுவது, அதைச் சொல்லி வசதி இல்லாத இளம் பிள்ளைகளுக்கு உதவி திரட்டுவது, இந்த இரண்டையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் குளச்சல்காரன், பிறருடைய பாய்மரப் படகுகளைத் துறைமுகம் விட்டுத் துறைமுகம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் இருந்தவன், இப்போது கரையில். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், கோபப்படாதீர்கள்.

தூத்தூர் தம்பி: அண்ணா, எங்க ஊர்ப் போட்டுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து சுறாவும் சூரையும் பிடித்துவிட்டு வருகின்றன. ஒருத்தர் பாய் கட்டிப் போய்வருவதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

நியாயம்தான். கடலறிவு என்று வந்தால் தூத்தூர், வள்ளவிளை ஆட்களுக்கு முன்னால் என்னைப்போல் யாட், அதாவது சொகுசுப் பாய்மரப் படகு ஓட்டுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது. வித்தியாசம் தூக்கத்தில் இருக்கிறது. உங்கள் போட்டில் ஒருத்தர் படுத்தால் இன்னொருத்தர் வீல் பிடிப்பார், தனியாகப் போகிறவருக்கு அந்த இன்னொருத்தர் கிடையாது. அதனால் இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைத்துத் தூங்கி, எழுந்து, நாலு பக்கமும் பார்த்து, மறுபடி தூங்குவார்கள். அடிவானத்தில் தலைகாட்டுகிற ஒரு சரக்குக் கப்பல் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைல், வந்தால் நம் மேல் ஏற ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும், அந்தக் கணக்கு. சுக்கானைப் பார்த்துக்கொள்ள, காற்றின் திசைக்குத் தானே திரும்பும் ஒரு தகடு பின்பக்கம் இருக்கும், அதற்குக் கரண்ட் வேண்டாம். பெரிய கப்பல் நெருங்கினால், கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் ஒன்றுக்கொன்று சொல்லும் ஏஐஎஸ் கருவி கத்தும். ஆனால் நம் ஃபைபர் வள்ளத்தில் ஏஐஎஸ் எங்கே இருக்கிறது? ஒரு டார்ச் லைட் இருந்தால் பெரிது. ஆகவே குமரிக் கடல் தாண்டும்வரை கண்ணே மூடக் கூடாது என்பது என் கட்சி. படகில் இருக்கிறவர் பிழைப்பதற்காக மட்டும் சொல்லவில்லை, இருட்டில் வலை போட்டுக் கிடக்கிற நம் ஆட்களுக்காகவும்தான்.

நாகர்கோவில் மாணவர்: இந்தியாவில் யாராவது தனியாக உலகம் சுற்றியிருக்கிறார்களா?

திலீப் தோண்டே, 2009-10, கோவாவில் கட்டிய மாதேயி படகில், நடுவில் சில துறைமுகங்களில் நின்று போனார். அதே படகில் 2012 நவம்பர் 1-ல் மும்பையிலிருந்து கிளம்பிய அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமல் 2013 மார்ச் கடைசியில் திரும்பி வந்தார். இருவரும் கடற்படைக்காரர்கள், பின்னால் ஒரு நிறுவனமே நின்றது. உங்களுக்கும் எனக்கும் அது கிடையாது, இதை மறக்க வேண்டாம். இன்னொன்று, 1968-69-ல், கோல்டன் குளோப் என்ற போட்டியில், உலகத்திலேயே முதன்முதலாக நிற்காமல் தனியே சுற்றிவந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் சுஹைலி படகு பம்பாயில் கட்டியது.

மார்த்தாண்டம் ஆசிரியை: ஒருவர் கடலில் போனால் பிள்ளைகளுக்கு எப்படிப் பணம் வரும்? எனக்கு இது புரியவே இல்லை.

டீச்சர், உள்ளதைச் சொன்னால், கடலில் போவதால் பணம் வராது. செலவுதான் வரும். படகு, பாய், கயிறு, உயிர்காப்புத் தெப்பம், காப்பீடு, துறைமுகக் கட்டணம், இதற்கே மூச்சு முட்டிவிடும். பணம் வருவது கரையில் இருந்து வேலை பார்க்கிற நாலு பேரால். படகு இன்று எங்கே நிற்கிறது என்று பள்ளிக்கூடங்களுக்கு வரைபடம் அனுப்புவது, ஒரு கடல் மைலுக்கு இவ்வளவு என்று வாக்கு வாங்குவது, வாங்கிய வாக்கை விடாமல் போன் போட்டு வசூலிப்பது, எல்லாம் அவர்கள் வேலை.

நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று: இரண்டு வங்கிக் கணக்கு வேண்டும். படகுச் செலவு விளம்பரதாரரிடமிருந்தோ சொந்தப் பையிலிருந்தோ வரட்டும். பொதுமக்கள் பிள்ளைகளுக்கென்று தரும் ரூபாயில் ஒரு பைசாகூடப் பாய்த் துணிக்குப் போகக் கூடாது. இரண்டையும் கலந்துவிட்டு, 'பயணமே விழிப்புணர்வுதானே' என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது ஊரார் காசில் உல்லாசம். அபாயத்தை முழுக்கத் தான் ஏற்றுக்கொண்ட நாக்ஸ்-ஜான்ஸ்டன், அந்தப் போட்டியில் கிடைத்த 5,000 பவுண்டை அதே போட்டியில் கடலில் மறைந்த டொனால்ட் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். தனியாகப் படகில் உலகம் சுற்றிய ஆங்கிலேயப் பெண் எலன் மெக்கார்தர், பெயர் வாங்கிய பிறகு, 2003-ல், புற்றுநோயிலிருந்து மீளும் சிறுவர், இளைஞர்களைப் படகோட்ட அழைத்துப்போகும் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. ஒரு பயணத்து வசூலை நம்பி அல்ல, வருஷாவருஷம் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்வதால்.

கருங்கல், துபாயில் வேலை: நாங்கள் இங்கிருந்து அனுப்பலாமா? வெளிநாட்டுப் பணம் என்று பிடிப்பார்களாமே?

நீங்கள் இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் வரும், அப்போது வாங்கும் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ அனுமதி வேண்டும். உள்ளூரில் தருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வரிச்சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

குளச்சல் அக்கா: ஒக்கிப் புயலில் அப்பாவை இழந்த பிள்ளைகளின் படத்தைப் போட்டால் ஜனங்கள் மனசு இளகும் இல்லையா?

இளகும். போடக் கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளை என்று சட்டம் சொல்கிற வகையில் வந்தால், அதன் பெயர், முகம், பள்ளி எதையும் அடையாளம் தெரியும்படி வெளியிடுவதை 2015-ம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவு தடுக்கிறது. அந்த வகையில் வராத பிள்ளையாகவே இருக்கட்டும் அக்கா, நாளைக்கு அது கல்லூரிக்குப் போகும்போது கூடப் படிக்கிறவன் போனில் அந்த அழுகிற முகம் இருக்க வேண்டுமா? பயணம் போகிறவரின் முகத்தைப் போடுங்கள், அவருக்குத்தான் விளம்பரம் தேவை.

முட்டம்: எந்த மாசம் கிளம்பலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, சொல்லவே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம், ஒக்கி வந்தது 2017 நவம்பர் கடைசியில். மாலத்தீவு பக்கம் போக ஜனவரி, பிப்ரவரி நல்லது, வாடை முதுகில் அடிக்கும். ஆனால் அதே வாடை மன்னார் வளைகுடாவிலிருந்து குமரி முனைக்கு வரும்போது முறுக்கிக்கொண்டு வரும், அறிவிப்பில் 'குமரிக் கடல்' என்று தனியாகச் சொல்வார்களே, அதைக் கேட்காமல் நங்கூரம் தூக்காதீர்கள். உலகம் சுற்றுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹார்ன் முனையைத் தென்பகுதிக் கோடையில், டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் தாண்டப் பார்ப்பார்கள்.

நீரோடி: ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது? சாட்டிலைட் போன் வாங்கிவிடலாமா?

கண்டபடி வாங்காதீர்கள். துராயா, இரிடியம் போன்களை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம், 'தெரியாமல் செய்தேன்' எடுபடாது. முதலில் வேண்டியது ஈபிர்ப். தண்ணீரில் விழுந்தாலும் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு இடம் சொல்லும் கருவி அது, உங்கள் படகின் பெயரில் பதிந்திருக்க வேண்டும். நம் கரைக்கு அருகில் என்றால் கடலோரக் காவல்படை 1554. 2018 செப்டம்பரில், கோல்டன் குளோப் போட்டியின்போது, தெற்கு இந்தியப் பெருங்கடலில் அபிலாஷ் டோமியின் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். இடம் துல்லியமாகத் தெரிந்தும் பிரெஞ்சுக் கப்பல் ஓசிரிஸ் போய்ச் சேர மூன்று நாள் ஆனது. இடமே தெரியாவிட்டால் என்னவாகும் என்று நம் கடற்கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே மனிதர் 2023-ல் அதே கோல்டன் குளோப் போட்டியில் இரண்டாவதாக வந்தார், அது தனிக்கதை.

இரணியல் தங்கை: பெண்கள் போகலாமா அண்ணா?

அந்த 2023 கோல்டன் குளோப் போட்டியில் அபிலாஷ் டோமிக்கு முன்னால் முதலாவதாக வந்தவர் கிர்ஸ்டன் நோய்ஷேஃபர், தென்னாப்பிரிக்கப் பெண். அப்புறம் என்ன கேள்வி?

தேங்காப்பட்டணம்: பணம் திரண்டுவிட்டது என்று வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு அதை வைத்து என்ன செய்யலாம்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், கடைசியில் ஒருத்தராவது கேட்டீர்களே. பிரான்ஸில் மிஷேல் ஜவுவென் என்று ஒரு யேசு சபைச் சாமியார் இருந்தார், போதையில் சிக்கிய இளைஞர்களைப் பெல் எஸ்புவார் என்ற பழைய பாய்க்கப்பலில் ஏற்றி அட்லாண்டிக் தாண்டவைத்தார். கப்பலில் அவர்கள் விருந்தாளிகள் இல்லை, சமையல், பாய் இழுப்பது, மரவேலை எல்லாம் அவர்கள்தான். ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஏரியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் என்ற 2.3 மீட்டர் குட்டிப் படகில் பழக்கி, தேசியப் போட்டிக்கு அனுப்புகிறார்கள்.

நம் ஊரில் இதை அப்படியே செய்ய வேண்டுமா? என் எண்ணம், பாதிதான். கடலோரப் பிள்ளைக்குக் கடல்மேல் பயம் போக்க யாரும் தேவையில்லை. உள்நாட்டுப் பக்கம், ரப்பர் பால்வெட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படகு ஒரு புது உலகம், அவர்களுக்கு அது செய்யுங்கள். கடலோரத்துக்கு முதலில் கல்விக்கட்டணம், அப்புறம் கப்பல் வேலைக்கான படிப்பு. அதிலும் 'சேர்ந்தவுடனே கப்பல்' என்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நிறைய, ஆகவே கப்பல் போக்குவரத்து இயக்ககத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டணத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் நேரே நிறுவனத்தின் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள்.

அதே தூத்தூர் தம்பி: சரி அண்ணா, நான் கிளம்புகிறேன் என்றே வையுங்கள். முதல் வேலை என்ன?

கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது, அங்கே என்ன பயிற்சி இருக்கிறது என்று விசாரி. பிறகு வேறு யாருடைய படகிலாவது கூடப் போ. தனியாகப் போவதை அப்புறம் பேசலாம். அதற்குள் கரையில் இருந்து கணக்கு எழுத ஒரு ஆளைப் பிடித்து வை.