பயிற்சியில் ஓடும் கால்கள் போட்டியில் ஏன் கனக்கின்றன? விளையாட்டு வீரர்களின் கேள்விகளும் பதில்களும்

நான் 800 மீட்டர் ஓடியவள். இப்போது மாவட்ட, மாநில அளவில் போட்டியிடும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மனஉறுதி பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனஉறுதி சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வாய்க்கும் குணம் என்று நான் நம்பவில்லை. அதையும் மைதானத்தில்தான் பழக வேண்டும். ‘மனசு பலவீனம்’ என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளை விசாரித்துப் பார்த்தால், பலருக்குக் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

கேள்வி: அக்கா, பயிற்சியில் 800 மீட்டரை 1:56-இல் ஓடுகிறேன். போட்டியில் 2:01 ஆகிறது. முதல் சுற்றை 54 விநாடியில் முடிக்கிறேன், இரண்டாவது சுற்றில் கால் நகர மறுக்கிறது. ஓடுபாதைக்கு அழைப்பதற்கு முன்பே வயிற்றைக் கலக்குகிறது. எனக்குத் தைரியம் போதவில்லையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். முதல் சுற்று 54 என்றால் இரண்டாவது சுற்று 67. 1:56 ஓடக்கூடிய உடம்புக்கு 57, 59 என்ற பிரிவுதான் பொருந்தும். துப்பாக்கி வெடித்ததும் பதற்றத்தில் மூன்று விநாடியை முன்கூட்டியே செலவழித்துவிட்டு, அதற்கு வட்டியும் சேர்த்து இரண்டாவது சுற்றில் கட்டுகிறீர்கள். உங்களிடம் இல்லாதது தைரியம் அல்ல, முதல் 200 மீட்டருக்கான திட்டம். 28 விநாடிக்கு முன்னால் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். யார் முன்னால் போனாலும் போகட்டும்.

வயிறு கலக்குவது நோயும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. அட்ரினலின் சுரக்கும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குக் கூடுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பயத்திலும் உற்சாகத்திலும் உடம்பில் நடப்பது ஏறத்தாழ ஒன்றேதான். ‘பதறாதே, பதறாதே’ என்று உங்களை நீங்களே அதட்டினால் அது அடங்காது. ‘உடம்பு ஓடத் தயாராகிவிட்டது’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். அளவு மீறினால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும்.

அடுத்து, 800 மீட்டர் பந்தயம் கைநழுவுவது பெரும்பாலும் கடைசி நேர்கோட்டில் அல்ல; 400-க்கும் 600-க்கும் நடுவில். அங்கேதான் மனம் பேரம் பேசத் தொடங்கும். அந்த இடத்துக்கு என்ன சொல்லிக்கொள்வது என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். ‘500-இல் ஒருவன் என்னைத் தாண்டினால், அவன் தோளைவிட்டு விலக மாட்டேன்.’ ‘தோள் இறுகினால், கையைத் தளர்த்துவேன்.’ இப்படி, இது நடந்தால் இதைச் செய்வேன் என்ற வடிவில் இருக்கட்டும். தனக்குத்தானே பேசிக்கொள்வதை வெறும் பேச்சு என்று நினைக்காதீர்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சைக்கிள் மிதித்தவர்களில் ஒரு குழுவுக்கு இரண்டு வாரம் இதைப் பழக்கினார்கள். களைத்து நிறுத்தும்வரை அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது. அவர்களுக்குப் புதிதாகத் தசை எதுவும் வளர்ந்துவிடவில்லை.

இதையெல்லாம் போட்டி நாளில் முதன்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை பயிற்சியையே போட்டியாக்குங்கள். மார்பில் எண் குத்திக்கொள்ளுங்கள். உடம்பைச் சூடேற்றிய பிறகு இருபது நிமிடம் பேசாமல் உட்காருங்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரே ஒரு ஓட்டம், மறுவாய்ப்பு கிடையாது. அன்று கிடைக்கும் நேரம்தான் உங்கள் உண்மையான நேரம்.

கேள்வி: பேட்மின்டனில் 18-15 என்று முன்னிலையில் இருப்பேன். ஒரு சர்வீஸ் வலையில் மோதினால் போதும், அடுத்த ஐந்து புள்ளிகளும் போய்விடுகின்றன. (வீராங்கனை, கோவை)

பதில்: சர்வீஸ் தவறுவதால் போவது ஒரு புள்ளி. மற்ற ஐந்தும் ‘ஐயோ, தவறிவிட்டதே’ என்று மணிக்கட்டைக் கவனித்துக் கவனித்து ஆடுவதால் போகின்றன. ஆயிரக்கணக்கான முறை பழகிய அசைவைக் கைக்கு விட்டுவிட வேண்டும். அதன் நடுவே புத்தி மூக்கை நுழைத்தால் கை தடுமாறும்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கிடைக்கும் சில நொடிகளுக்கு ஒரு சடங்கு வைத்துக்கொள்ளுங்கள். வலைக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். மட்டையின் நரம்புகளை விரலால் நேராக்குங்கள், கண் அந்த நரம்பிலேயே இருக்கட்டும். ஒரு நீண்ட வெளிமூச்சு. பிறகு திரும்பி, அடுத்த பந்து எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் பாருங்கள். புள்ளி வென்றாலும் இதே சடங்குதான். தோற்றபோது மட்டும் செய்தால், அது தோல்வியை நினைவூட்டும் மணியாகிவிடும். ஆட்டத்தைத் தாமதப்படுத்துவதாக நடுவர் எச்சரிக்காத அளவுக்குச் சுருக்கமாக இருக்கட்டும்.

நம் சதுரங்க வீரர் குகேஷைப் பாருங்கள். 2024 ஏப்ரலில், உலகச் சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் டொரன்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் அலிரெசா ஃபிரூஜாவிடம் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தன்னால் வெல்ல முடியும் என்று தோன்றியதாகப் பின்னர் சொன்னார், வென்றும் காட்டினார். அதே ஆண்டு சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான ஆட்டங்களில் முதல் ஆட்டமே தோல்வி. 12-ஆவது ஆட்டத்திலும் தோற்று, கையில் இருந்த முன்னிலையை இழந்தார். 13-ஆவதைச் சமன் செய்து, 14-ஆவதை வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அவருக்கு மனப் பயிற்சியாளராகப் பேடி அப்டன் இருந்தார். அந்த உயரத்தில் இருப்பவர்களே மனதைப் பழக்க ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள். உதவி கேட்பதில் உங்களுக்கு என்ன கூச்சம்?

கேள்வி: அக்கா, நான் பதினொன்றாம் வகுப்பு. 3000 மீட்டர் ஓடுகிறேன். எடை குறைத்தால் வேகம் வரும் என்றார்கள், இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். இப்போது நேரம் மோசமாகிவிட்டது, எப்போதும் சோர்வு. மைதானத்துக்குப் போகவே பிடிக்கவில்லை. மூன்று மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. எனக்கு மனஉறுதி இல்லை என்று பயிற்சியாளர் திட்டுகிறார். (மாணவி, நாமக்கல்)

பதில்: கண்ணு, இன்றைய கேள்விகளில் எனக்கு மிகவும் கவலை தந்தது உன்னுடையதுதான். உன் மனதில் எந்தக் குறையும் இல்லை. உன் உடம்பு பட்டினி கிடக்கிறது. ஓடுவதற்குச் செலவாவதை ஈடுகட்டச் சாப்பாடு போதாதபோது, உடம்பு ஒவ்வொரு துறையாக இழுத்து மூடும். மாதவிலக்கு நிற்பது அதில் ஒன்று. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே இந்த நிலைக்குத் தனிப் பெயர் கொடுத்து எச்சரித்திருக்கிறது. எலும்பு வலுவிழக்கும், அழுத்தத்தால் எலும்பில் விரிசல் வரும், மனம் மந்தமாகும். ஆர்வம் போய்விட்டதாக நீ எழுதியிருப்பதும் அதன் அறிகுறியாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு மகளிர் நல மருத்துவரிடம் போ. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் பரிசோதனையும் கேள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்து தீர்ந்துபோயிருக்கலாம். அதை ஃபெரிட்டின்தான் காட்டும். மாத்திரை தேவையா, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். இரவுச் சாப்பாட்டை இன்றே தொடங்கு. மருத்துவர் சொல்லும்வரை கடுமையான ஓட்டம் வேண்டாம். உன் பயிற்சியாளரிடம் அந்த மருத்துவச் சீட்டைக் காட்டு. அப்போதும் அவர் எடையைக் குறைக்கச் சொன்னால், வேறு பயிற்சியாளரைத் தேடுவதில் தவறே இல்லை.

கேள்வி: மேடம், என் மகன் ஹாக்கி நன்றாக ஆடுகிறான், ஆனால் வெறி இல்லை. தினமும் ஊக்கமூட்டும் வீடியோக்களைக் காட்டுகிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் இடம் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். (ஒரு தந்தை, கோவில்பட்டி)

பதில்: ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஒதுக்கீட்டை நோக்கி ஆடுவதும் குற்றமில்லை. பல குடும்பங்களின் தலையெழுத்தை அது மாற்றியிருக்கிறது. ஆனால் அது உங்கள் இலக்கு. அவனுடையது என்ன என்று கேட்டிருக்கிறீர்களா? ஒரு பிள்ளைக்கு ஊக்கம் நிலைக்க மூன்று வேண்டும்: இது என் விருப்பம் என்ற எண்ணம், முன்னேறுகிறேன் என்ற நிறைவு, கூட இருப்பவர்கள் என்னை வேண்டுகிறார்கள் என்ற உறவு. வீடியோ இவற்றில் எதையும் தராது.

ஆட்டம் முடிந்து பைக்கில் திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றி நீங்களாக வாய் திறக்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள். அவனே பேச்சை எடுத்தால் காது கொடுங்கள். ஒரு மாதம் இப்படி இருந்து பாருங்கள்.

கேள்வி: அடித்தால்தான் உறுதி வரும் என்று எங்கள் பயிற்சியாளர் சொல்கிறார். உண்மையா? (14 வயது மாணவர்)

பதில்: உண்மை இல்லை. அடிக்குப் பயந்தவன் காயத்தை மறைப்பான், புதிதாக எதையும் முயல மாட்டான், அடிப்பவர் இல்லாத நாளில் ஓட மாட்டான். கடுமையான பயிற்சி வேறு, அடி வேறு. வீட்டில் சொல். வீட்டில் கேட்காவிட்டால் 1098-க்குப் போன் செய். அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண்.

கேள்வி: முழங்காலில் ஏசிஎல் (மூட்டை உள்ளே பிடித்திருக்கும் தசைநார்) அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து மாதம். மருத்துவர் ஆடலாம் என்கிறார். ரெய்டு போகும்போது கால் தயங்குகிறது. (கபடி வீரர், தஞ்சாவூர்)

பதில்: அந்தத் தயக்கத்தை எதிரியாகப் பார்க்காதீர்கள். முழங்கால் ஒருமுறை ஏமாற்றியது, மூளை அதை மறக்கவில்லை. ‘பயப்படாதே’ என்ற சொல்லுக்கு அது மசியாது, சான்று கேட்கும். படிப்படியாகச் சான்று கொடுங்கள். ஆள் இல்லாத களத்தில் திரும்புதல், பிறகு பிடிக்காமல் மறிக்க மட்டும் செய்யும் ஒரு தடுப்பாளர், பிறகு பாதி வேகத்தில் பிடி, பிறகு இருவர், கடைசியில் முழு ஆட்டம். ஒரு படியில் கால் தயங்காமல் போன பிறகே அடுத்தது. அறுவை செய்த காலின் வலிமையை மற்ற காலோடு ஒப்பிட்டு அளக்கச் சொல்லி, அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பலருக்கு அந்த எண்ணே பாதிப் பயத்தைத் தீர்க்கிறது.

கேள்வி: 25 வயதாகிறது. மாநிலத்தில் ஒருமுறை வெள்ளி வாங்கினேன், பிறகு எதுவும் இல்லை. விட்டுவிடலாமா? (உயரம் தாண்டுபவர், சேலம்)

பதில்: உங்கள் மாவட்டத்துக்காரர் மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் தொடக்க விழாவில் கொடி ஏந்த வேண்டியவரைக் கொரோனாத் தனிமைப்படுத்தலில் வைத்தார்கள். அதன் பிறகும் 1.86 தாண்டி வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். பதக்கத்தின் நிறம் இறங்கியபோதும் அவர் வந்துகொண்டே இருந்தார். நிறத்தை மட்டும் நம்பியவரால் அது முடியாது.

ஆனாலும் உங்களைத் தொடரச் சொல்லி வற்புறுத்த மாட்டேன். குடும்பத்தின் கஷ்டம் எனக்குத் தெரியாது. ஒரு சீசனுக்குப் பதக்கத்தை ஒதுக்கி வைத்து, ஓடிவரும் தப்படிகளைச் சீராக்குவது போன்ற ஒரே வேலையைக் கையில் எடுங்கள். அதில் மனம் ஒன்றினால் தொடருங்கள். ஒன்றாவிட்டால் நிம்மதியாக விலகுங்கள், அது தோல்வி அல்ல. எல்லாவற்றிலும் பிடிப்பு விட்டுப்போய், வாழ்வதிலேயே அர்த்தம் இல்லை என்று தோன்றினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: போட்டிக்கு முந்தைய இரவு தூக்கமே வருவதில்லை. (பலர்)

பதில்: ஓர் இரவு தூக்கம் கெடுவதால் அடுத்த நாள் ஓட்டம் பெரிதாகக் கெடாது. அதற்கு முந்தைய நான்கைந்து இரவுகளை நன்றாகத் தூங்கிவிடுங்கள். படுத்தும் தூக்கம் வராவிட்டால் கடிகாரத்தைப் பார்க்காமல் கண்ணை மூடி ஓய்வாகக் கிடங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். ஷூ, எண் அட்டை, ஊக்குகள், அடையாளச் சான்று எல்லாம் சாயங்காலமே பைக்குள் போய்விட வேண்டும். காலையில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள்.