மனிதர்கள் பேசும் காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்க்கலாமா? காட்ஸில்லா கேள்வி பதில்

ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களில் மனிதர் கதைக்கும் சண்டைக்கும் எப்படிப் பொருந்துகிறது என்று கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே ஒரு வேண்டுகோள்: 1954ஆம் ஆண்டு வந்த முதல் காட்ஸில்லாவைத் திட்டுவதற்கு முன், நீங்கள் பார்த்தது ஜப்பானியப் பதிப்பா, அமெரிக்காவில் வெட்டி ஒட்டியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபார்வர்ட் ஃபைசல்: காட்ஸில்லா வரும் இடத்தை மட்டும்தான் பார்ப்பேன். எனக்கு என்ன நஷ்டம்?

சில படங்களில் ஒரு நஷ்டமும் இல்லை. முதல் படத்தில் பாதிப் படம் போய்விடும்.

தோக்கியோ எரிந்து முடிகிறது. அடுத்து இயக்குநர் ஹோண்டா இஷிரோ நம்மை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறார். தரையெல்லாம் காயம்பட்டவர்கள். ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பிடிக்கிறார்கள். அது சத்தம் போடுகிறது. இந்தக் காட்சியில் மிருகமே கிடையாது. ஆனால் அங்கே நின்று இதையெல்லாம் பார்க்கும் எமிகோதான், விஞ்ஞானி செரிஸாவாவுக்குக் கொடுத்த வாக்கை மீறி, அவருடைய ஆயுத ரகசியத்தைக் காதலனிடம் சொல்கிறாள். செரிஸாவா அப்போதும் அதைப் பயன்படுத்த மறுக்கிறார். தொலைக்காட்சியில் மாணவிகள் அமைதி வேண்டிப் பாடுவதைக் கேட்ட பிறகே இறங்கிவருகிறார். தன் குறிப்புகளை எரித்துவிட்டு அந்த ஆயுதத்தோடு கடலுக்குள் போகிறார்.

காட்ஸில்லா நகரத்தை மிதித்ததால் ஒரு பெண் வாக்குத் தவறினாள். அவள் வாக்குத் தவறியதால் காட்ஸில்லா செத்தது. நடுவில் எதை ஓட்டுவீர்கள்? அந்த வருடம் மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதில் வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டம்பரில் இறந்தார். படம் நவம்பர் 3இல் வந்தது. அந்தக் கருவியின் சத்தம் அன்று தியேட்டரில் இருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மினியேச்சர் மணி: பல படங்களில் மனிதர் பகுதியும் சண்டையும் வேறு வேறு படம் போல இருக்கின்றனவே?

ஏனென்றால் எடுத்தவர்களும் வேறு வேறு. நடிகர்கள் பேசும் பகுதி ஹோண்டாவின் குழுவுடையது. ராட்சத உடை, பொம்மை நகரம், புகை, நெருப்பு எல்லாம் சுபுராயா எய்ஜியின் குழுவுடையது. இரண்டு இயக்குநர்கள், இரண்டு ஒளிப்பதிவுக் குழுக்கள். திரைக்கதை பலவீனமாக இருந்தால் தையல் பிரிந்து தெரியும்: மனிதர்கள் குன்றின் மேல் நின்று விரலை நீட்டுவார்கள், அடுத்த ஷாட்டில் இரண்டு மிருகங்கள் மல்லுக்கட்டும், மறுபடியும் குன்று.

இரண்டாவது படத்திலேயே (1955, ஒசாகாவில் ஆங்கிரஸ் என்ற இன்னொரு மிருகத்தோடு சண்டை) இந்தச் சிக்கல் வந்துவிட்டது. தப்பியோடும் கைதிகளால் தீப்பிடிக்கிறது, அந்த வெளிச்சம் காட்ஸில்லாவை ஊருக்குள் இழுக்கிறது. அதுவரை பிரமாதம். ஆனால் படம் முடிய நிறைய நேரம் இருக்கும்போதே ஆங்கிரஸ் செத்துவிடும். அப்புறம் ஹொக்கைடோவில் விருந்து, சிரிப்பு. நாயகனின் நண்பன் பனிமலையில் விழுந்து சாகும்போதுதான் கதைக்கு மறுபடி உயிர் வருகிறது.

2023இல் வந்த ‘மைனஸ் ஒன்’ படத்தில் யமஸாக்கி தகாஷியே எழுத்து, இயக்கம், கிராஃபிக்ஸ் மேற்பார்வை மூன்றையும் பார்த்துக்கொண்டார். 35 கலைஞர்கள், 610 கிராஃபிக்ஸ் ஷாட்டுகள், ஆஸ்கர் விருது. அதில் தையலே தெரியாமல் இருக்க இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

புதுசு: எந்தப் படத்தில் தொடங்குவது?

1954. ஜப்பானியப் பதிப்பு.

கொரில்லா ரசிகன்: 1962இல் வந்த ‘கிங் காங் எதிர் காட்ஸில்லா’ படத்தில் ஜெயித்தது யார்? ஜப்பானில் ஒரு முடிவு, அமெரிக்காவில் ஒரு முடிவு என்கிறார்களே?

கட்டுக்கதை. இரண்டிலும் கிங் காங்தான் நீந்திப்போகிறது. உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜப்பானியப் பதிப்பு, டிவி ரேட்டிங்குக்காக மிருகத்தைப் பிடித்துவரச் சொல்லும் மருந்துக் கம்பெனி அதிகாரியைப் பற்றிய அருமையான நையாண்டி. அமெரிக்கப் பதிப்பில் அதைக் குறைத்துவிட்டு, செய்தி வாசிப்பவர் ஒருவரை உட்காரவைத்துக் கதையை விளக்குகிறார்கள். இஃபுகுபேயின் இசையையும் பெரும்பாலும் தூக்கிவிட்டார்கள்.

நெல்லை நைட்ஷோ: முதல் படத்தில் மனிதர் கதை சுமார்தான். அந்த அமெரிக்க நிருபர் படம் முழுக்க வந்து...

நிறுத்துங்கள். ஜப்பானியப் படத்தில் அமெரிக்க நிருபரே கிடையாது. நீங்கள் பார்த்தது 1956 பதிப்பு. 96 நிமிடப் படத்தைச் சுமார் 80 ஆக்கி, அதற்குள் நிருபராக நடிகர் ரேமண்ட் பர்ரையும் நுழைத்தார்கள். இதற்குத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

கத்திரி: ‘ஷின் காட்ஸில்லா’ (2016) இரண்டு மணி நேர மீட்டிங். குடும்பம் இல்லை, காதல் இல்லை, அழுகை இல்லை. மனிதர் கதையே இல்லாத படத்தை எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

நேர்மாறாக நினைக்கிறேன். அதில் இருப்பது முழுக்க மனிதர் கதை, தனி மனிதர் கதைதான் இல்லை. மிருகம் கரையேறாது என்று பிரதமர் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது கரையேறுகிறது. ஹெலிகாப்டர்கள் சுடத் தயாராக நிற்கும்போது ரயில்வே கேட்டில் ஒரு முதியவரைச் சுமந்துகொண்டு ஒருவர் போவது தெரிகிறது. சுடாதே என்கிறார் பிரதமர். அந்த ஒரு தயக்கத்தின் விலையை ஊர் பிறகு கொடுக்கிறது. இது நாடகம் இல்லையா?

கத்திரி: அந்த முதியவர் யாரென்றே நமக்குத் தெரியாது. தெரியாதவருக்காக நான் ஏன் பதற வேண்டும்?

பிரதமருக்கும் தெரியாது. அவர் பதறினாரே!

செக்‌ஷன் ஆபீசர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இருபது வருடமாக அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். இந்த ரூமில் பேசி முடித்து, அதையே பேச அடுத்த ரூமுக்குப் போகும் காட்சியில் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அது டாக்குமெண்டரி.

கத்திரி: அப்போது அது உங்கள் அலுவலகத்துக்குப் பிடித்த படம். எனக்கில்லை.

செக்‌ஷன் ஆபீசர்: தற்காலிகப் பிரதமர், நூடுல்ஸ் ஊறிப்போச்சே என்று வருத்தப்படுவாரே, அவரையுமா பிடிக்கவில்லை?

கத்திரி: அவர் பரவாயில்லை.

அவர்தான் என் கட்சிக்குச் சாட்சி. முதலில் கோமாளி மாதிரி வருகிறார். பிறகு பிரெஞ்சுத் தூதருக்கு முன்னால் தலையை அவ்வளவு தாழ்த்தி நிற்கிறார். நேரம் வாங்க அவரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தக் குனிதல். கத்திரி சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு: வசனம் ஓடும் வேகத்தில் சப்டைட்டில் படிப்பவர்களுக்கு முகங்களைப் பார்க்க நேரம் கிடைக்காது. இரண்டாம் தடவை பாருங்கள். சரி, இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வியாழன்: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

மேலே.

ஆமைக்காரி: ராட்சத ஆமை கமேரா பற்றி ஏன் பேசுவதே இல்லை?

நல்ல வேளை கேட்டீர்கள். கனேகோ ஷுசுகே எடுத்த மூன்று படங்களில் கடைசி (1999) இந்த விஷயத்தில் என் முதல் சிபாரிசு. 1995 படத்தில் கமேரா ஊரைக் காப்பாற்றியபோது நாம் கைதட்டினோம். அந்தச் சண்டையில் நொறுங்கிய ஒரு வீட்டில் அயானா என்ற சிறுமியின் பெற்றோர் இருந்தார்கள். அவளுக்குக் கமேரா கொலைகாரன். பழிவாங்க ஒரு குட்டி மிருகத்தை வளர்க்கிறாள், செத்துப்போன தன் பூனையின் பெயரையே அதற்கு வைக்கிறாள். ஷிபுயாவில் கமேரா சண்டைபோடும்போது கேமரா தெருவில், ஓடுகிறவர்களின் நடுவே நிற்கிறது. அதன்பின் எந்தக் கட்டடம் விழுந்தாலும் உள்ளே யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

மான்ஸ்டர் மச்சான்: ஹாலிவுட் படங்களில் இந்தக் கணக்கு எப்படி?

அது என் ஏரியா இல்லை. தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

குறும்பட இயக்குநர்: எத்தனை நிமிடம் மனிதர், எத்தனை நிமிடம் சண்டை என்று ஒரு விகிதம் சொன்னால் உதவியாக இருக்கும்.

கடிகாரத்தைக் கீழே வையுங்கள். சண்டை முடிந்ததும் உங்கள் கதாபாத்திரம் முன்பு செய்யமாட்டேன் என்றதைச் செய்கிறதா? இல்லையென்றால் சண்டையை ஐந்து நிமிடம் கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றுதான்.

வீகெண்ட் வாட்சர்: முதலில் எதைப் பார்ப்பது?

ஐயா, மூன்றாவது தடவை.

அம்மா ஒருத்தி: என் மகனுக்கு ஏழு வயது. 1954 படத்தைக் காட்டலாமா?

இப்போது வேண்டாம். எரியும் தெருவில் ஒரு தாய், சீக்கிரமே அப்பாவிடம் போய்விடுவோம் என்று பிள்ளைகளை அணைத்துக்கொள்ளும் காட்சி இருக்கிறது. பெரியவர்களுக்கே தாங்காது. 1961இல் வந்த ‘மோத்ரா’வைப் போடுங்கள். ஓரடி உயரத்தில் இரட்டைச் சகோதரிகள் பாடுவார்கள், அவர்களை மீட்க ராட்சதப் புழு கடலைத் தாண்டி வரும். ஒரு வாரம் வீட்டில் அந்தப் பாட்டுதான் கேட்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.