வெளியூர் போகும்போது எந்த யோகா வகுப்புக்குப் போகலாம்? கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யோகா பழக ஆரம்பித்தவர்களில் பலருக்கு, போகிற ஊரிலெல்லாம் ஒரு வகுப்பில் கலந்துகொள்ள ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசை. நான் தருமபுரியில் காலை வகுப்பு எடுக்கிறேன். வெளியூர் போனால் அங்குள்ள ஆசிரியரிடம் மாணவியாகப் போய் நிற்பேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பாலக்கோடு): அக்கா, எங்க ஊர்ல மனவளக்கலை உடற்பயிற்சி கத்துக்கிட்டேன். ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அடுத்து மைசூரு போறேன். அங்க ‘மைசூர் ஸ்டைல்’னு ஒரு வகுப்பு இருக்காமே, அது எப்படி இருக்கும்?

நீங்கள் பழகியதற்கு நேர் எதிராக இருக்கும் தம்பி, அதனாலேயே போய்ப் பாருங்க. 1930களில் மைசூர் மகாராஜா ஆதரவில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் அங்கே யோகசாலை நடத்தினார். அவரிடம் படித்த பட்டாபி ஜோயிஸ் அந்த ஊரிலேயே தங்கி வளர்த்ததுதான் அஷ்டாங்க வின்யாச முறை, அதாவது மூச்சோடு சேர்த்து ஆசனங்களை ஒரே வரிசையில் செய்வது. அதைச் சொல்லிக்கொடுக்கிற விதத்துக்குத்தான் ‘மைசூர் ஸ்டைல்’ என்று பெயர்.

ஆசிரியர் முன்னால் நின்று ‘கையைத் தூக்கு, காலை மடக்கு’ என்று சொல்வார் என எதிர்பார்க்காதீங்க. விடியற்காலையில் உள்ளே நுழைந்தால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வரிசையைத் தானே செய்துகொண்டிருப்பார். பேச்சே இருக்காது, மூச்சுச் சத்தம் மட்டும்தான். ஆசிரியர் பாய் பாயாக வருவார், ஒருவருடைய இடுப்பைக் கொஞ்சம் திருப்பி வைப்பார், அடுத்தவரிடம் போய்விடுவார். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் சூரிய நமஸ்காரம் மட்டும் சொல்லிக்கொடுத்து, சீக்கிரமே கடைசி ஓய்வுக்குப் படுக்கச் சொல்லிவிடுவார்கள். ‘இவ்வளவுதானா’ என்று மனசு விடாதீங்க. அது உடம்பில் பதிந்தால்தான் அடுத்த ஆசனம் வரும்.

ஒரே நாள் தங்கல் என்றால் இது சரிப்படாது. சில இடங்களில் ஒரு மாதத்துக்குக் குறைவாகச் சேர்க்கவே மாட்டார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்க. அமாவாசை, பௌர்ணமி அன்று இந்த மரபில் விடுமுறை. காலண்டரைப் பார்த்து டிக்கெட் போடுங்க.

கேள்வி (ஓசூர்): கம்பெனி வேலையா புனே போறேன். மெஷின் முன்னால நின்னு நின்னு முதுகு வலி. ஐயங்கார் யோகா நல்லதுங்கறாங்க, உண்மையா?

கவனமாகச் சொல்லிக்கொடுப்பதில் அந்த முறை மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதை உருவாக்கிய பி.கே.எஸ். ஐயங்கார் 1918இல் பிறந்தது கோலார் மாவட்டத்துப் பெள்ளூரில். உங்கள் ஓசூரிலிருந்து மாலூர் தாண்டினால் அந்தப் பக்கம்தான். புனேயில் அவர் நிறுவனம் 1975இல் தொடங்கியது. அவரும் கிருஷ்ணமாச்சாரியாரின் சீடர்தான். ஒரே குருவிடமிருந்து இப்படி இரண்டு வேறு வகுப்புகள் பிறந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு.

அங்கே வேகம் கிடையாது. காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாய்கிற திரிகோணாசனத்தில் கை தரையைத் தொடவில்லையா, கைக்குக் கீழே ஒரு கட்டை வைப்பார்கள். கால் விரலைப் பிடிக்க வரவில்லையா, பெல்ட் கொடுப்பார்கள். சுவரில் கயிறு தொங்கும். பின்னங்காலின் வெளிவிளிம்பு தரையில் அழுந்துகிறதா என்பதுவரை பார்ப்பார்கள். வளையாத உடம்புக்கு இது பெரிய வரம்.

ஆனால் வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப் போனாலோ முதலில் டாக்டரைப் பாருங்க. அதுவரை குனிகிற ஆசனம் எதுவும் வேண்டாம். வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்க.

கேள்வி (பென்னாகரம்): வயசு 60 ஆகப்போகுதும்மா, பி.பி. மாத்திரை சாப்பிடறேன். ஊர்க்காரங்களோட ரிஷிகேஷ் போறோம். அங்க சிரசாசனம் செய்யச் சொன்னா செய்யலாமா?

வேண்டாம் ஐயா. பி.பி. உள்ளவர்கள், கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களை விட்டுவிட வேண்டும். கபாலபாதி போல வேகமாக மூச்சை வெளியே தள்ளுவதும் வேண்டாம். சிவானந்தர் மரபு வகுப்புகளில் 12 அடிப்படை ஆசனங்களில் சிரசாசனம்தான் முதலில் வரும். எல்லோரும் செய்கிறார்களே என்று கூச்சப்படாமல் அந்த நேரம் சவாசனத்தில் படுத்திருங்க. அந்தச் சிவானந்தர் நம் தமிழ்நாட்டுப் பத்தமடைக்காரர். 1936இல் ரிஷிகேஷில் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். ஆசிரமத்தை அவசியம் பார்த்துவிட்டு வாங்க.

கேள்வி (கிருஷ்ணகிரி): பெங்களூருல ஹாட் யோகா போகலாமா அக்கா?

சுமார் 40 டிகிரி சூட்டில் 26 ஆசனங்கள் செய்வது அதன் மூல வடிவம். நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், தலைசுற்றல் வருகிறவர்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது.

கேள்வி (அரூர்): தெரியாத ஊர்ல ஆண் ஆசிரியர் தொட்டுத் திருத்தினா என்ன செய்யறது அக்கா? அதுக்குப் பயந்தே போறதில்லை.

போகாமல் இருக்காதே தங்கச்சி. வகுப்புக்கு முன்னாலேயே, ‘தொடாமல் வாயால் சொன்னால் போதும்’ என்று சொல்லிவிடு. காரணம் சொல்லத் தேவையில்லை. அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவரிடம் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடு, கட்டின பணம் போனால் போகட்டும். எந்த ஊரானாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: புதியவரைப் பார்த்ததும் ‘ஏதாவது வலி, ஆபரேஷன், மாத்திரை உண்டா?’ என்று கேட்கிறாரா? கேட்கிறவரிடம் எந்தப் பாணியும் கற்கலாம். கேட்காதவர் எவ்வளவு பெயர் பெற்றவரானாலும் எனக்கு வேண்டாம்.

கேள்வி (காரிமங்கலம்): பல இடத்துல பல மாதிரி சொல்றாங்க. வீட்டுக்கு வந்ததும் எதைச் செய்யறது?

முதலில் படித்த வரிசையையே தினமும் செய்யுங்க. வெளியே கற்றதில் பிடித்த ஒன்றை மட்டும் அதோடு சேர்த்து, கொஞ்ச காலம் பார்த்த பிறகு அடுத்தது.

கேள்வி (தருமபுரி): ராத்திரி பஸ்ல போய் இறங்கினதும் நேரா காலை வகுப்புக்குப் போயிடலாமாக்கா?

முழு வகுப்பு வேண்டாம். உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கியிருக்கும், தூக்கமும் இருக்காது. அறைக்குப் போய் இடுப்பைச் சுவரோடு ஒட்டி, காலைச் சுவர் மேல் நீட்டிப் பத்து நிமிடம் படுங்க. நன்றாகத் தூங்குங்க. சாயங்கால வகுப்பு இருந்தால் அதற்குப் போங்க, சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கட்டும்.