பெட்ரோல், வரி, அரிசி: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

களியக்காவிளை ஆட்டோ ஓட்டுநர்: கேரளத்துப் பாறசாலை வண்டிகள் எல்லை தாண்டி வந்து நம் பம்புகளில் பெட்ரோல் நிரப்புகின்றன. ஒரே பெட்ரோலுக்கு ஏன் இரண்டு விலை?

பதில்: 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டதால், ஒன்றிய அரசின் கலால் வரிக்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைத் தனியே விதிக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளமோ 2023 ஏப்ரலில் 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் என்ற கூடுதல் வரியைச் சேர்த்தது. மாநிலங்களின் கையில் எஞ்சியுள்ள சொந்த வருவாயில் எரிபொருள் வரி முக்கியமானது என்பதால், எந்தக் கட்சி ஆண்டாலும் அதை எளிதில் விட்டுக்கொடுக்காது.

தக்கலை ஆசிரியை: எத்தனால் கலந்த பெட்ரோல் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்கள். அது சோற்றுப் பானையில் கை வைக்காதா?

பதில்: எதிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எடுத்தால் உணவுக்குப் பெரிய இழப்பில்லை. கரும்புச் சாறு, அரிசி, மக்காச்சோளம் என்று போகும்போதுதான் சிக்கல். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கை ஒன்றிய அரசு 2030இலிருந்து 2025-26க்கு முன்னால் கொண்டுவந்த மறு ஆண்டே, பருவமழையைக் குறைக்கக்கூடிய எல் நினோ ஆண்டான 2023இல், எத்தனால் ஆலைகளுக்கு இந்திய உணவுக் கழகத்தின் அரிசி நிறுத்தப்பட்டது. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. கோழித் தீவனமும் அதுவே என்பதால், நாமக்கல் முட்டை வாங்கும் நம் வீடுகளுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பருவநிலை தடுமாறத் தடுமாற இத்தகைய ஆண்டுகள் கூடும் என்னும்போது, மழையை நம்பி எரிபொருள் திட்டம் வகுப்பதில் எனக்குத் தயக்கமே. போதாக்குறைக்கு, எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மைலேஜ் குறைகிறது, பம்பில் விலை குறையவில்லை.

பூதப்பாண்டி விவசாயி: கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடைக்கு இயந்திர வாடகை கட்டுபடியாகவில்லை. வாழைக்கு மாறிவிடலாமா?

பதில்: முடிவு உங்களுடையது. ஆனால் ஏலாவின் (ஒன்றையொன்று ஒட்டிய நெல்வயல் பரப்பின்) நடுவே ஒருவர் வயலை மேடாக்கி வாழையோ தென்னையோ வைத்தால், அடுத்த வயலுக்கு நீர்வரத்தும் வடிகாலும் கெடும். அவரும் நெல்லைக் கைவிடுவார். சில ஆண்டுகளில் அங்கே பிளாட் கல் நட்டுவிடுவார்கள். நாஞ்சில் நாட்டில் இதைக் கண்கூடாகப் பார்த்துவிட்டோம். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் பாய்ந்து விளைந்த அரிசிக்குப் பதில் வெளியூர் அரிசி லாரியில் வரும்போது, டீசலும் அதன் வரியும் அரிசி விலையோடு சேர்ந்தே வருகின்றன. விசைப்படகுகளுக்கு விற்பனை வரி விலக்குடன் டீசல் தரும் அரசிடம், மீன் உணவென்றால் நெல்லும் உணவுதானே, அறுவடை இயந்திரத்துக்கும் அந்த விலக்கு வேண்டும் என்று உங்கள் பாசனச் சங்கம் கேட்பதில் தவறில்லை.

ஆரல்வாய்மொழி மாணவர்: அப்படியானால் மின்சார ஸ்கூட்டர்தான் தீர்வா?

பதில்: முப்பந்தல் காற்றாலைகளுக்கு அருகில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! உணவுப் பயிரைத் தொடாமல் ஓடும் வண்டி என்பதால் எத்தனாலைவிட அதையே பரிந்துரைப்பேன். ஜிஎஸ்டியும் 5 விழுக்காடுதான். ஆனால் இத்தகைய வண்டிகள் பெருகினால் பெட்ரோல் வரி வருவாய் சுருங்கும்; அதை ஈடுகட்ட அரசு மின் கட்டணத்திலோ வாகன வரியிலோ கை வைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்குங்கள்.