பூச்சித்தின்னிச் செடிக்கும் ஒரு குளிர்காலம் வேண்டும்

நவம்பர் பிறந்தால் போதும், குளிர் நாடுகளில் பூச்சித்தின்னிச் செடி வளர்ப்பவர்களின் கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறையும் அப்படித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றினால் போதுமா? (லண்டன்)

போதாது. கொஞ்சம் சுண்ணாம்பு அடியில் படியும், மற்ற உப்பெல்லாம் தண்ணீரிலேயே இருக்கும். இந்தச் செடிகளுக்கு டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு, லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் குழாயில் 300 பக்கம் வரும். மழைத்தண்ணீர், டிஸ்டில்டு, ஆர்ஓ, இந்த மூன்றில் ஒன்று. லண்டனில் இருந்துகொண்டு மழைத்தண்ணீருக்கு எங்கே போவது என்று மட்டும் கேட்காதீர்கள்.

குடுவை இலையில் பூச்சி பிடிக்கும் சாரசீனியா பர்பூரியா கனடாவின் சொந்தச் செடிதானே? பால்கனியிலேயே விட்டால் -30 தாங்காதா? (கால்கரி)

சதுப்பு நிலத்தில் தாங்கும். நியூஃபவுண்ட்லாந்து - லாப்ரடார் மாகாணத்தின் மலரே அதுதான். ஆனால் அங்கே வேர் பூமிக்குள் இருக்கிறது, மேலே பனி போர்த்தியிருக்கிறது. உங்கள் பால்கனித் தொட்டியில் நாலு பக்கமும் குளிர் ஏறும். தொட்டி மொத்தமும் உறைந்துவிட்டால் வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. மேலே காற்று இலையை உலர்த்திக்கொண்டே இருக்கும். பலரும் குளிரில் செத்தது என்று நினைக்கும் செடி உண்மையில் காய்ந்து செத்திருக்கும். போதாததற்கு உங்கள் ஊரில் நடுக்குளிர்காலத்தில் சினூக் என்னும் வெதுவெதுப்பான மலைக்காற்று அடித்து ஒரே நாளில் எல்லாம் உருகி, மறுபடி உறையும். தோட்டம் இருந்தால் தொட்டியை விளிம்புவரை மண்ணில் புதைத்து, மேலே 20 செ.மீ. பைன் ஊசியிலையைப் போடுங்கள். இல்லையென்றால் ஹீட்டர் இல்லாத கராஜ். பச்சையாகவும் சிவப்பாகவும் நிற்கும் குடுவைகளை வெட்டாதீர்கள், வசந்தத்தில் அவைதான் முதலில் வேலை செய்யும்.

என் செடி கறுத்துப்போகிறது. அவசரம். என்ன செய்யலாம்?

ஊர் இல்லை, செடியின் பெயர் இல்லை, படமும் இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. எந்தச் செடி, எந்தத் தண்ணீர், இரவில் எத்தனை டிகிரி என்று எழுதுங்கள்.

தொங்கும் குடுவைகளில் பூச்சி பிடிக்கும் நெப்பந்திஸ் வாங்கினேன். குளிர்காலத்துக்கு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமாமே? (ஆஸ்லோ)

ஐயோ, வேண்டாம். அது போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் பக்கத்துச் செடி. இலங்கையின் ஈரக்காடுகளிலும் ஓர் இனம் உண்டு. உறக்கம் என்பதே அதற்குக் கிடையாது. 15 டிகிரிக்குக் கீழே போக விடாதீர்கள். டிசம்பரில் உங்களுக்குப் பகலே ஆறு மணி நேரம்தான், எனவே க்ரோ லைட் கட்டாயம்.

இலையே பொறியாக மூடிப் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃபிளைட்ராப்பைக் குளிருமே என்று ஹாலுக்குள், ஹீட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மேலே பிளாஸ்டிக் மூடியும் போட்டேன். புது இலையெல்லாம் சின்னதாக, சோகையாக வருகிறது. (ஸ்கார்பரோ)

வருடா வருடம் இதைத்தான் எழுதுகிறேன். உங்களைத் திட்டிப் பயனில்லை, கோபம் அதை விற்ற கடைமேல். உள்ளங்கை அகலத் தொட்டி, மேலே ஒரு மூடி, லேபிளில் அடர்ந்த மழைக்காட்டுப் படம். அதைப் பார்த்தால் யாருக்கும் இது வெப்பமண்டலச் செடி என்றுதான் தோன்றும். அதுவோ அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில், கடலோரச் சமவெளியில் மட்டும் இயற்கையாக வளர்வது. அங்கே ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். பகல் குறுகி, குளிர் ஏறியதும் செடி தன் சரக்கையெல்லாம் கிழங்குக்குள் இழுத்துக்கொண்டு மூன்று நான்கு மாதம் தூங்கும். அந்தத் தூக்கத்தை 22 டிகிரி ஹாலில் கெடுத்தால், வெளிச்சமும் இல்லாமல் ஓய்வும் இல்லாமல், இருக்கிற சத்தைச் செலவழித்துச் சின்னச் சின்ன இலையாக விட்டுக்கொண்டிருக்கும். முதல் குளிர்காலம் எப்படியோ தாண்டும். அடுத்ததில் போய்விடும். உடனே "இது வளர்க்க முடியாத செடி" என்று பெயர் வேறு.

இப்போதே மூடியை எடுங்கள். ஹீட்டரிலிருந்து நகர்த்தி, குளிர்ந்த ஜன்னலோரம் ஓரிரு வாரம் வையுங்கள். பிறகு 0 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும் இடம்: கராஜ் ஜன்னல், கண்ணாடி வராந்தா, எதுவும் சரி. இலைகள் பெரும்பாலும் கறுக்கும், கறுக்கட்டும். செத்ததா என்று சந்தேகம் வந்தால் மண்ணைக் கொஞ்சம் விலக்கிக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் குழைந்தால் இல்லை. இதைப் பார்க்காமலே குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம், தண்ணீர் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஸ்கார்பரோ குழாய்த் தண்ணீர் என்றால் அதையும் நிறுத்துங்கள்.

கராஜ் இல்லை, ஃபிளைட்ராப்பை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். போன வருடம் பூஞ்சை பிடித்துவிட்டது. (சூரிக்)

ஈரம் அதிகம். கறுத்த இலைகளை முழுக்க வெட்டி, பழைய மண்ணை அலசி, நன்றாகப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியில் கிழங்கைச் சுற்றுங்கள். பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கந்தகப் பூஞ்சைக்கொல்லியை லேசாகத் தெளித்து ஜிப் பைக்குள் போட்டு, ஃப்ரீசரில் அல்ல, கீழே காய்கறித் தட்டில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். பிப்ரவரி கடைசியில் எடுத்து, புது பீட் மாஸும் (மக்கிய சதுப்புப் பாசி) பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல்துகள்) சரிபாதி கலந்து நடுங்கள். உரம் கலந்த பீட் வேண்டவே வேண்டாம், பையைப் படித்து வாங்குங்கள்.

பிசுபிசுப்பான இலையில் பூச்சி பிடிக்கும் ட்ரோசெரா கேபென்சிஸுக்கும் இதே முறைதானா? (பாரிஸ்)

இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிச் செடி, தூங்காது. வெளிச்சமான ஜன்னல் போதும். மறந்து வெளியே விட்டு லேசான உறைபனியில் கருகினாலும் வேரிலிருந்து பெரும்பாலும் துளிர்க்கும், அவசரப்பட்டு வீசாதீர்கள். குளிர்காலத்தில் மொட்டுபோலச் சுருண்டு தூங்குவது உங்கள் பக்கத்துச் சதுப்புகளில் வளரும் இன்னொரு ட்ரோசெராவான ரொட்டுண்டிஃபோலியா. அது வேறு.

ஷில்லாங் போகிறேன். காட்டிலிருந்து நெப்பந்திஸ் காசியானா ஒன்றைப் பெட்டியில் வைத்து எடுத்து வரலாமா?

கூடாது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலில் உள்ள செடி. விமான நிலையத்தில் பிடிபடுவது ஒரு பக்கம், காட்டில் குறைந்துகொண்டே வரும் செடியைப் பிடுங்குவது இன்னொரு பக்கம். நர்சரியில் பெருக்கியது, சான்றிதழோடு கிடைத்தால் வாங்குங்கள்.

குளிர்காலத்தில் பூச்சி கிடைப்பதில்லை. சமைத்த கோழித்துண்டு ஃபிளைட்ராப்புக்குப் போடலாமா? (மொன்றியல்)

தூங்குகிற செடிக்கு எதற்குச் சாப்பாடு? கோடையிலும் கோழி வேண்டாம். உப்பும் எண்ணெயும் சேர்ந்து பொறி அழுகும். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டப் பொறியை விரலால் சீண்டாதீர்கள். ஒவ்வொரு பொறியும் ஒரு சில தடவைதான் மூடித் திறக்கும், பிறகு கறுத்துவிடும். அடுத்த நவம்பரில் அதற்கும் எனக்குத்தான் கடிதம் வரும்.