நேர்மையான நாலு அதிகாரிகள்

அன்புள்ள ஐயா,

போர்ச்சுகலில் 1974 ஏப்ரல் 25 அன்று நடந்த கார்னேஷன் புரட்சி பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். ஒரே நாளில் சர்வாதிகாரம் விழுகிறது, சிப்பாய்களின் துப்பாக்கிக் குழலில் சிவப்புப் பூ. கண் கலங்கிவிட்டது. இங்கேயும் நேர்மையான நாலு ராணுவ அதிகாரிகள் வரமாட்டார்களா என்று தோன்றியது. ராணுவம் செய்ததைப் புரட்சி எனலாமா? கார்னேஷனுக்குத் தமிழில் என்ன பெயர்?

கு., ஈரோடு

அன்புள்ள கு.,

கண் கலங்கியதில் தப்பே இல்லை, எனக்கும் கலங்கும். பூவுக்குப் பெயர் ஊட்டிப் பூக்கடையிலும் கார்னேஷன்தான். புரட்சியா என்றால், வீட்டைவிட்டு வராதீர்கள் என்று புரட்சியை நடத்திய ராணுவக் கேப்டன்கள் ரேடியோவில் சொல்லச் சொல்ல மக்கள் தெருவை நிறைத்தார்கள். அதனால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.

ஆனால் 'நேர்மையான நாலு அதிகாரிகள்' என்று எந்தத் தைரியத்தில் எழுதினீர்கள்? அந்தச் சர்வாதிகாரத்துக்கு வழி விட்டதே அதே ராணுவம்தான். 1926 மே மாதம் பிராகா நகரிலிருந்து ஜெனரல் கோமிஸ் ட கோஸ்டா கிளம்பினார். அன்றும் பெரிதாக ரத்தம் சிந்தவில்லை. ஓயாமல் அரசு கவிழ்ந்து சலித்துப்போன நாடு அது. கணக்கு வழக்கைச் சரிசெய்ய 1928இல் ஒரு பேராசிரியரை நிதியமைச்சராக்கினார்கள். அவர்தான் சலசார். கணக்கு சரியாயிற்று. அப்புறம் அவரே பிரதமர், ரகசியப் போலீஸ், தணிக்கை, பெயருக்குத் தேர்தல். எல்லாம் முடிய 1974 ஆனது.

முடித்துவைத்த கேப்டன்களும் தேவதூதர்கள் இல்லை. 1973இல் வந்த ஒரு பதவி உயர்வு ஆணையில் தொடங்கிய முணுமுணுப்பு அது. அதற்கு அடியில் 1961 முதல் ஆப்பிரிக்காவில் நடந்த போர். அதற்கும் அடியில் கோவா.

எங்கள் தெருவில் மிலிட்டரித் தாத்தா ஒருவர் இருந்தார். 1961 டிசம்பரில் கோவாவுக்குள் போன படையில் இருந்தவர். சரணடைந்த போர்ச்சுகீசியர்களுக்கு முகாமில் காவல் இருந்தாராம். எல்லாம் மீசை அரும்பாத பையன்கள். பாஷை தெரியாது. ஊருக்குப் போகப் போகிறாய் என்று சைகை காட்டினால் சிரிக்க வேண்டாமா? ஒரு பையன் கடல் பக்கம் கையைக் காட்டிவிட்டுக் கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினானாம்.

தாத்தாவுக்குக் காரணம் தெரியாது. எனக்கும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கோவாவுக்கு சலசார் அனுப்பிய தந்தியில், போர்ச்சுகீசியக் கைதி என்று யாரும் இருக்க முடியாது, வென்றவர்களோ செத்தவர்களோ மட்டுமே இருக்கலாம் என்றிருந்தது. உயிர்களைக் காப்பாற்றச் சரணடைந்த கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வாவை ராணுவத்தைவிட்டே துரத்தினார்கள். ஆப்பிரிக்கக் காலனியான கினியாவில் தோற்றால் நமக்கும் இதே கதிதான் என்று கேப்டன்களுக்குத் தெரிந்துபோயிற்று. அவர்கள் வென்ற பிறகுதான் அந்த மனிதருக்குப் பதவி மரியாதை திரும்பக் கிடைத்தது. கோவா இந்தியாவுடையது என்று போர்ச்சுகல் கையெழுத்துப் போட்டதும் அதே 1974இன் கடைசி நாளில்தான்.

புரட்சி நடந்த ஏப்ரல் 25 காலை, லிஸ்பனில் தேஜோ ஆற்றங்கரையில், புரட்சிப் படையின் 29 வயது கேப்டன் சல்கெய்ரோ மாயாவைச் சுடச் சொல்லி அரசு பக்கத்துப் பிரிகேடியர் ஒருவர் தன் ஆட்களிடம் கத்தினார். டாங்கிக்குள் இருந்த கார்ப்பொரல் சுடவில்லை, மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டான். உங்கள் கண்ணீரில் பாதியை அவனுக்குக் கொடுங்கள். ரகசியப் போலீஸ் தன் கட்டடத்திலிருந்து சுட்டதில் நாலு பேர் செத்தார்கள், பூ எல்லாத் துப்பாக்கியிலும் இல்லை.

இவ்வளவு நல்லவர்களாலும் உடனே வீட்டுக்குப் போக முடிந்ததா? சரியாக ஒரு வருஷத்தில் தேர்தல் வைத்தார்கள், 91 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்தார்கள், உண்மை. ஆனால் அதற்கு முந்தைய மாதமே புரட்சிக்குப் பின் முதல் ஜனாதிபதியாக இருந்த ஜெனரல் ஸ்பினோலாவின் ஆதரவாளர்கள் இன்னொரு கவிழ்ப்புக்கு முயன்றார்கள், நவம்பரில் வேறொன்று. அதிகாரிகளின் புரட்சிக் கவுன்சில் கலைய 1982 ஆனது.

எங்கள் டீக்கடையில் யாராவது ராணுவ ஆட்சி வந்தால்தான் உருப்படும் என்பார்கள். தாத்தா கிளாஸை வைத்துவிட்டுக் கேட்பார்: "எந்த ரெஜிமெண்ட் வேணும்னு சொல்லுப்பா, லெட்டர் போட்டு வரச் சொல்றேன்."