நெருக்கப்படும் வயிற்று ரத்தக்குழாய்: அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. பெரம்பூரில் வசிக்கிறேன்; தனியார் பள்ளியில் ஆசிரியை. இரண்டு ஆண்டுகளாகச் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் மேல்வயிற்றில் பிடுங்குவது போல வலிக்கிறது. மதியம் ஓர் இட்லிக்கு மேல் சாப்பிட்டால் அடுத்த வகுப்பில் நிற்க முடிவதில்லை என்பதால், டிபன் பாக்ஸைப் பல நாள் திறப்பதே இல்லை. எடை 11 கிலோ குறைந்துவிட்டது. அல்சர் மாத்திரை, எண்டோஸ்கோபி எல்லாம் பார்த்தாயிற்று. வெறும் மனக்கவலை என்றுகூட ஒரு மருத்துவர் சொன்னார். இப்போது சி.டி. ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) வயிற்றிலுள்ள சீலியாக் ரத்தக்குழாய் அழுத்தப்பட்டிருப்பது தெரிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை நிபுணர் உடனே செய்துவிடலாம் என்கிறார்; இரைப்பை குடல் நிபுணர் பொறுக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரி, சாப்பிட்டால் வலிக்கும் என்று பயந்து சாப்பாட்டையே விட்டு, அதனால் 11 கிலோ இளைத்திருக்கும் ஒருவரிடம் இது வெறும் மனக்கவலை என்று சொல்லியிருக்கவே கூடாது. உங்கள் வலி உண்மையானது. அந்த வலிக்குக் காரணம் ஸ்கேனில் தெரியும் அழுத்தம்தானா என்பதை மட்டும் இனி உறுதிசெய்ய வேண்டும். உங்கள் இரு மருத்துவர்களும் வேறுபடும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் நார்ப்பட்டை ஒன்று, இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் கொண்டுசெல்லும் சீலியாக் குழாயின் மேல் சற்றுத் தாழ்வாக அமைந்து அதை நெருக்குவதே இந்தக் கோளாறு. பின்லாந்து மருத்துவர் ஹார்யோலா 1963இலும், டன்பார் குழுவினர் 1965இலும் இதை விவரித்த நாளிலிருந்தே விவாதம் ஓயவில்லை. ஏனென்றால், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிலேயே 10 முதல் 24 சதவீதம் பேருக்கு ஓரளவு நெருக்கம் இருக்கலாம் என்கின்றன மருத்துவ நூல்கள். அழுத்தத்தால் ரத்தம் குறைவதால் வலிக்கிறது என்பது ஒரு கருத்து. அக்குழாயைச் சுற்றியுள்ள நரம்பு முடிச்சு நசுங்குவதால் வலிக்கிறது என்பது மற்றொன்று.

ஆகவே இரண்டு பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். முதலாவது டாப்ளர் ஸ்கேன்: மூச்சை முழுவதும் வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி ஒரு முறையும், ஆழமாக உள்ளிழுக்கச் சொல்லி ஒரு முறையும் ரத்தம் பாயும் வேகத்தை அளப்பார்கள். வெளியே விடும்போது வேகம் வினாடிக்கு 200 செ.மீ.யைத் தாண்டி, உள்ளிழுக்கும்போது தணிந்தால், நெருக்குவது அந்த நார்ப்பட்டைதான் என்பதற்கு அது நல்ல ஆதாரம். இரண்டாவது, அந்த நரம்பு முடிச்சில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பது. ஊசி போட்ட சில மணி நேரத்துக்காவது நீங்கள் வலியில்லாமல் சாப்பிட முடிந்தால், அறுவை சிகிச்சை பலன் தரும் என்று நம்பக் கூடுதல் காரணம் கிடைக்கும். பித்தப்பைக் கல், இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறு போன்றவை இல்லை என்பதும் முன்னதாகவே உறுதியாகியிருக்க வேண்டும்.

உணவுக்குப் பின் தவறாமல் வரும் வலியும், 9 கிலோவுக்கு மேற்பட்ட எடை இழப்பும் உள்ளவர்களே இந்தச் சிகிச்சையால் அதிகம் தேறுகிறார்கள் என்பது பழைய ஆய்வுகளிலிருந்தே தெரிகிறது. உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. பரிசோதனைகளும் ஒத்துவந்தால் நான் அறுவை சிகிச்சையின் பக்கமே சாய்வேன். ஆனால் பெரும்பாலோருக்கு நிவாரணம் கிடைத்தாலும், சிலருக்கு வலி குறைவதில்லை, சிலருக்குத் திரும்பி வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டே சம்மதியுங்கள். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையிலேயே பட்டையை வெட்டிவிடலாம் என்றாலும், வேலை நடப்பது மகாதமனியை ஒட்டிய இடத்தில் என்பதால், ரத்தக்கசிவு ஏற்பட்டால் வயிற்றைத் திறக்க வேண்டிவரலாம். இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், நரம்பு முடிச்சையும் அகற்றுவாரா, பட்டையை வெட்டிய பிறகும் குழாய் சுருங்கியே இருந்தால் என்ன செய்வார் என்று உங்கள் நிபுணரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பட்டையை வெட்டாமல், குழாயை உள்ளிருந்து விரித்துவைக்கும் ஸ்டென்ட் மட்டும் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வெளியிலிருந்து அழுத்தம் தொடர்வதால் ஸ்டென்ட் நசுங்கிப்போகும்.

இன்னொரு கருத்து தேவைப்பட்டால், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு எல்லா ரிப்போர்ட்டுகளோடும், முக்கியமாக ஆஞ்சியோ படங்கள் உள்ள குறுந்தட்டோடும் செல்லலாம்.

முடிவெடுக்கும் வரை எடை மேலும் குறையாமல் பார்த்துக்கொள்வது மிக அவசியம். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு கரைந்தால், சிறுகுடலின் தொடக்கப் பகுதி வேறொரு ரத்தக்குழாயின் அடியில் நசுங்கும் இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்ளக்கூடும். எனவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாலைந்து வாய் நெய் சேர்த்த குழைந்த சாதமோ, சத்துமாவுக் கஞ்சியோ சாப்பிடுங்கள். உணவியல் நிபுணர் ஒருவரையும் பாருங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, வலி வழக்கத்தை மீறிக் கடுமையாகி நீடித்தாலோ தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.